வெட்டிய பதினோரு விநாடி

கல்லேரி, விக்கிரமங்கலம் வழி
9.2.2025

அன்புத் தம்பி அன்பழகனுக்கு அக்கா மலர்கொடி எழுதுவது. நானும் உன் மாமாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். பூங்குழலியைப் பற்றி அப்படி எழுத முடியவில்லை. நீயும் ஜெயசித்ராவும் சௌக்கியமா? தை மாதமாயிற்றே, பெரம்பலூர் ஸ்டுடியோவில் உனக்குக் கல்யாண வேலை கை நிறைய இருக்கும்.

இந்தக் காலத்தில் அக்கா லெட்டர் போடுகிறாளே என்று சிரிக்காதே. என் போனையும் பூங்குழலி போனையும் போலீஸ்காரர்கள் வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். அடுத்தவர் போனிலும் எதுவும் பேச வேண்டாம், யார் எதை ஒட்டுக் கேட்கிறார்களோ என்று பந்தலில் முடிவு செய்திருக்கிறோம். பத்தாவது வரை படித்தது இதற்காவது உதவட்டும்.

டிவியில் பார்த்திருப்பாய். நடந்ததை நான் சொல்கிறேன். சுண்ணாம்புக்கல் லாரி பள்ளிக்கூடத் தெரு வழியாக வேண்டாம், கம்பெனி தனக்கென்று வேறு ரோடு போட்டுக்கொள்ளட்டும் என்றுதானே ஏரிக்கரையில் பந்தல் போட்டு முப்பத்தெட்டு நாளாக உட்கார்ந்திருந்தோம். போன நாலாம் தேதி போலீஸ் காவலோடு பதினைந்து லாரியை விட்டார்கள். பெண்கள் எல்லோரும் ரோட்டுக்கு ஓடி, "நாசமாப் போவ" என்று மண்ணை வாரித் தூற்றினோம். வயிறு எரிந்தால் நம் பக்கத்தில் செய்வதுதானே. பூங்குழலியும் இரண்டு கை வாரி இறைத்தாள். புழுதியில் ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியவில்லை. அதற்குள் முதல் லாரியின் கண்ணாடி உடைந்து, டிரைவருக்கு நெற்றியில் ஆறு தையல்.

சாயங்காலம் டிவியில் பார்த்தால் என் மகள் கையை ஓங்கி எறிகிறாள், உடனே கண்ணாடி சிதறுகிறது. 'போராட்டம் என்ற பெயரில் வெறியாட்டம்' என்று சிவப்பு எழுத்து. அவள் கையில் இருந்தது மண் என்று தெரியவில்லை. லாரி அவளை இடிப்பதுபோல் வந்ததும் அதில் இல்லை. கையும் கண்ணாடியும் மட்டும்தான். அதைத் திருப்பித் திருப்பிப் போட்டார்கள். வழக்கில் முதல் பெயர் அவளுடையது.

குரூப் நாலில் தேறி வேலை உத்தரவுக்குக் காத்திருக்கிற பெண் அவள். வழக்கு இருக்கிறது என்று போலீஸ் விசாரணையில் எழுதிவிட்டால் வேலை போச்சு. வெட்டாத முழு வீடியோ கிடைத்தால் அவள் எறிந்தது மண்தான் என்று காட்டிவிடலாம் என்கிறார் வக்கீலம்மா. அந்தச் சேனலுக்கு அவ்வப்போது செய்திப் படம் எடுத்துக் கொடுப்பவன் நீ. அதை எடுத்தவன் யார் என்று கேட்டு எழுது. நீதான் அவளுக்குத் தாய்மாமன், வேறு யாரைக் கேட்பேன்.

உன் பதிலை எதிர்பார்த்திருக்கும்
அக்கா மலர்கொடி


பெரம்பலூர்
20.2.2025

அன்புள்ள அக்காவுக்குத் தம்பி எழுதியது. இங்கே இருவரும் நலம். மாமாவுக்குச் சர்க்கரை எவ்வளவு இருக்கிறது? அவரை மாத்திரையை நிறுத்த விடாதே.

லெட்டர் கிடைத்து நான்கு நாள் ஆகிறது. என்ன எழுதுவது என்று தெரியாமல் தள்ளிப்போட்டேன். அன்று நான் வேப்பந்தட்டையில் ஒரு கல்யாணத்தில் இருந்தேன். திரும்பி வந்த பிறகுதான் டிவியில் பார்த்தேன். சேனலில் விசாரித்தேன். யார் கொடுத்தது என்று அவர்கள் ஒருபோதும் சொல்ல மாட்டார்கள், தொழில் அப்படி.

வருத்தப்படாதே, இங்கே டீக்கடையில் பேசுவதையும் சொல்லிவிடுகிறேன். போன மாதம் "பாவம், பள்ளிக்கூடத்துப் புள்ளைங்க போற ரோடு" என்று சொன்னவர்களே இப்போது "ஆறு தையலாமே, டிரைவரும் புள்ளகுட்டிக்காரன்தானே" என்கிறார்கள். கண்ணால் பார்த்த பிறகு யார் சொல்வதையும் அவர்கள் நம்பப் போவதில்லை. பூங்குழலியைக் கொஞ்ச நாள் பந்தல் பக்கம் விடாதே. நீயும் போகாதே.

எடுத்தவன் வெளியாள் என்று ஏன் நினைக்கிறாய்? உங்கள் கூட்டத்தில் எப்போதும் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பவன் யார் என்று யோசித்துப் பார்.

ஜெயசித்ரா உன்னைக் கேட்டதாக எழுதச் சொன்னாள்.

இப்படிக்கு
அன்பழகன்


கல்லேரி
2.3.2025

தம்பிக்கு அக்கா எழுதுவது. மாமாவுக்குச் சர்க்கரை இருநூற்றுப் பத்து. எனக்குத் தூக்கம் மட்டும்தான் குறைவு. உன் கவரின் ஓரம் பிரித்து ஒட்டியதுபோல் இருந்தது. இல்லாவிட்டால் எனக்குத்தான் இப்போது எல்லாமே அப்படித் தோன்றுகிறதோ என்னவோ.

நீ எழுதியதைப் பந்தலில் நான் வாய் திறந்து சொல்லவில்லை. அதற்கு முன்னாலேயே எல்லோரும் அங்கேதான் போய் நின்றார்கள். எப்போதும் போனைத் தூக்கிப் பிடிப்பவன் மைக் செட் இளவரசன். பந்தலுக்கு முதல் நாளிலிருந்து கூலி வாங்காமல் மைக் கட்டியவன். இப்போது அதையே திருப்பிக் கேட்கிறார்கள், "சும்மா கட்டுவானா ஒருத்தன்?"

போன வெள்ளிக்கிழமை ஊர் மொத்தமும் அய்யனார் கோயிலில் கூடியது. எங்களில் ஒருவரும் கல் எறியவில்லை என்று எல்லோரும் வரிசையாக வந்து சூடம் அணைத்துச் சத்தியம் செய்தார்கள். பூங்குழலி இரண்டு கையாலும் அணைத்தாள். நான் தீட்டு, வேலிக்கு வெளியே நின்றேன். கடைசியில் இளவரசனைத் தனியாக நிறுத்தி வீடியோ கொடுக்கவில்லை என்று சத்தியம் கேட்டார்கள். செய்தான். ஒருவரும் நம்பவில்லை. அவன் மனைவி வீரம்மாள் என்னைத்தான் பார்த்தாள். நான் என்ன செய்ய?

மறுநாள் ஜெயங்கொண்டத்தில் வக்கீலம்மாவைப் பார்த்துவிட்டு பஸ்ஸில் வந்தேன். பக்கத்தில் உட்கார்ந்த பொம்பளை போனில் அந்த வீடியோவை ஓடவிட்டு என்னிடம் நீட்டினாள். "பாருங்கக்கா, பொண்ணா இது? காசு வாங்கிட்டு என்னா ஆட்டம் ஆடுது!" எனக்கு எங்கிருந்து அந்தப் புத்தி வந்ததோ, "ஆமாங்க, பெத்தவ எப்படி வளத்தாளோ" என்றேன். சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். என் மகளை நானே விட்டுக்கொடுத்தேன் தம்பி. வீட்டில் யாரிடமும் இதைச் சொல்லவில்லை.

அவள் போனில் ஓடியது டிவியில் வந்ததைவிடக் கொஞ்சம் நீளம். ஆரம்பத்தில் பந்தல் முன்னால் நாங்கள் வைத்திருக்கும் வேப்பிலைக் குடம், தண்ணீர் தளும்ப, இரண்டு விநாடி நிற்கிறது. பிறகுதான் கூட்டம் வருகிறது. வம்பை எடுக்க வந்தவன் குடத்தை எதற்கு எடுத்தான் என்று யோசித்துக்கொண்டே இருக்கிறேன்.

பதில் போடு. உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அக்கா


பெரம்பலூர்
19.3.2025

அக்காவுக்கு வணக்கம். இங்கே வெயில் இப்போதே தாங்கவில்லை. எல்லோரும் நலம்.

இளவரசனைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். ஊர் முடிவு செய்தால் நாம் என்ன சொல்ல முடியும்?

ஒன்று மட்டும் கேட்கிறேன். முழு வீடியோ, முழு வீடியோ என்கிறாயே, அதில் என்னென்ன இருக்கும் என்று யாருக்குத் தெரியும்? உள்ளே போகவேண்டாத ஆளும் அதில் இருக்கலாம். சிலது வெளியே வராமல் இருப்பதுதான் எல்லோருக்கும் நல்லது. வேறு வழி இருக்கிறதா என்று வக்கீலம்மாவிடம் கேள்.

உன் லெட்டரை ஜெயசித்ராவும் படித்தாள். தீட்டு என்று எழுதியிருந்த இடத்தில் நிறுத்தி என் முகத்தைப் பார்த்தாள். பிறகு மடித்துக் கொடுத்துவிட்டாள். பெண்களுக்குள் தெரிந்த விஷயம், எனக்கென்ன தெரியும்.

தம்பி
அன்பழகன்


கல்லேரி
6.4.2025

தம்பி அன்பழகனுக்கு. இங்கே எல்லோரும் உயிரோடு இருக்கிறோம், அதற்கு மேல் நலம் சொல்ல முடியாது. ஜெயசித்ராவுக்கு என் அன்பு. அவள் பார்வைக்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும், அதைப் பிறகு பேசலாம்.

இளவரசன் கடையைப் பூட்டிவிட்டான். பங்குனிக் காதுகுத்து மூன்றுக்கும் வெளியூர் மைக் செட் வந்தது. குழாயடியில் வீரம்மாள் குடத்தை வைத்தால் மற்றவர்கள் தங்கள் குடத்தை நகர்த்திக்கொள்கிறார்கள். நானும் அங்கேதான் நிற்கிறேன்.

பந்தலில் முன்பு இருநூறு பேர், இப்போது நாற்பது. பக்கத்து ஊர்க்காரர்கள் வருவதில்லை. அரியலூரிலிருந்து ஒரு சங்கத்தார் ஆதரவு தர வருவதாக இருந்தது. "கல்வீச்சு கேஸ் முடியட்டுங்க, அப்புறம் பாக்கலாம்" என்று சொல்லிவிட்டார்கள். லாரி இருபத்தைந்தாகி விட்டது.

பூங்குழலிக்கு வேலைக்கான கடிதம் வந்தது. ஜூன் பத்தாம் தேதிக்குள் போலீஸ் சான்றோடு வரவேண்டுமாம். அவள் அதை ஒரு தடவை படித்துவிட்டு என் கையில் கொடுத்தாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

தம்பி, ஒரு சின்ன விஷயம். நாலாம் தேதி வேப்பந்தட்டையில் கல்யாணத்தில் இருந்ததாக எழுதினாய். காலண்டரைப் புரட்டினேன். அன்று செவ்வாய்க்கிழமை. செவ்வாயில் கல்யாணம் வைத்த அந்த மகராசர் யார்?

அக்கா


கல்லேரி
4.5.2025

தம்பிக்கு. நாலு வாரம் ஆகிறது, பதில் இல்லை. தபால்காரரை மூன்று தடவை மறித்துக் கேட்டுவிட்டேன். உடம்புக்கு ஒன்றுமில்லையே?

"மாமாவுக்குத்தான் சேனல்ல ஆள் தெரியுமேம்மா, அவரு எப்படியாவது வாங்கிக் குடுத்துருவாரு" என்று பூங்குழலி நேற்றும் சொன்னாள். அவள் இன்னும் உன்னை நம்பிக்கொண்டிருக்கிறாள் என்பதற்காக இதை எழுதுகிறேன்.

மலர்கொடி


பெரம்பலூர்
11.5.2025

அன்புள்ள அண்ணிக்கு ஜெயசித்ரா எழுதிக்கொண்டது. எல்லோரும் நலமாக இருக்க வேண்டுகிறேன். இந்த லெட்டர் உங்கள் தம்பிக்குத் தெரியாது.

அவருக்கு உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது. சாப்பிட உட்கார்ந்தால் பாதியில் எழுந்துவிடுகிறார். உங்கள் லெட்டர் நாலும் அவர் பையில்தான் இருக்கின்றன. சாமி மாடத்தில் பிள்ளையார் படத்துக்குப் பின்னால் ஒரு மெமரி கார்டு வைத்திருக்கிறார். நான் கோயிலுக்குக் கிளம்பியதும் எடுத்துப் போட்டுப் பார்க்கிறார். ஒருநாள் செருப்பை மறந்து திரும்பி வந்தேன். சட்டென்று நிறுத்திவிட்டார். அதில் புழுதியும் லாரியும் இருந்தன. அதற்கு மேல் நான் பார்க்கவில்லை, கேட்கவும் இல்லை.

அண்ணி, உங்களுக்கு அந்தத் தொந்தரவு நின்று இரண்டு வருடம் ஆயிற்று என்று போன பொங்கலுக்கு என்னிடம்தான் சொன்னீர்கள். அதையும் நான் அவரிடம் சொல்லவில்லை. இந்த வீட்டில் ஒருவரும் ஒருவரிடமும் எதையும் சொல்வதில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது.

உங்கள்
ஜெயசித்ரா


பெரம்பலூர்
19.5.2025

அக்காவுக்கு. நலம் கேட்க எனக்கு வாய் இல்லை.

நான்தான் எடுத்தேன். கல்யாணம் பொய். முந்தின நாளே சேனலில் கூப்பிட்டு, "நாளைக்கு லாரி விடப் போறாங்க, ஒங்க அக்கா ஊருதானே, நீயே போ" என்றார்கள். நிருபராக்குகிறேன் என்று இரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். உன்னிடம் சொன்னால் பந்தலில் உட்காரவைத்துச் சோறு போடுவாய், வேலை நடக்காது என்று நினைத்துத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நின்று எடுத்தேன்.

எடுத்ததை அங்கேயே ஓடவிட்டுப் பார்த்தேன். பூங்குழலி மண்ணை வாரி இறைக்கிறாள். அதற்குப் பிறகு பதினோரு விநாடி இருக்கிறது அக்கா. அந்த லாரி நிற்காமல் உருண்டு வந்து அவள் இடுப்பில் முட்டுகிறது. அவள் விழுகிறாள். நீ குனிகிறாய். நிமிரும்போது உன் கையில் இருப்பது மண் இல்லை. கல் போய்க் கண்ணாடியில் படுகிறது.

அந்தப் பதினோரு விநாடியை அந்தத் தொட்டிக்குப் பின்னாலேயே உட்கார்ந்து நான் வெட்டினேன். உன் முகம் வெளியே வரக்கூடாது என்பது ஒன்றுதான் மனதில் இருந்தது. மிச்சம் இருந்த இரண்டு துண்டையும் ஒட்டி அனுப்பினேன். ஒட்டினால் பூங்குழலி கைக்கும் கண்ணாடிக்கும் நடுவில் ஒன்றுமே இருக்காது என்று, இருபது வருடமாக வெட்டி ஒட்டுகிற எனக்குத் தெரியவில்லை. டிவியில் பார்த்தபோதுதான் தெரிந்தது. அனுப்பாமலே இருந்திருக்கலாம் என்பாய். வெறுங்கையோடு போனால் அந்த வேலை கிடைக்காது என்று அதுவும் மனதில் இருந்தது. அதை மறைக்கவில்லை. இளவரசன் பக்கம் கையைக் காட்டியதும் நான்தான்.

முழு வீடியோ என்னிடம் இருக்கிறது. கொடுத்தால் பூங்குழலி வெளியே வருவாள், நீ உள்ளே போவாய். கொடுக்காவிட்டால் நீ வெளியே, அவள் வாழ்க்கை போச்சு. நீ என்ன சொல்கிறாயோ அதைச் செய்கிறேன்.

அன்பழகன்


கல்லேரி
27.5.2025

அன்புத் தம்பிக்கு அக்கா மலர்கொடி எழுதுவது. நாங்கள் மூவரும் நலம். மாமாவுக்குச் சர்க்கரை நூற்று அறுபதுக்கு வந்துவிட்டது. இரண்டு நாளாக எனக்கும் தூக்கம் வருகிறது.

எடுத்தவன் நீதான் என்று எனக்கு மார்ச்சிலேயே தெரிந்துவிட்டது. பூங்குழலி மஞ்சள் நீராட்டுக்கு நீ கேமராவோடு வந்தபோது, வாசலில் சீரோடு நின்ற உன் பெண்டாட்டியைக்கூட எடுக்காமல் முதலில் குடத்தை எடுத்தாய். "முதல்ல நெறகுடம் வுழுவணும்க்கா, அப்பதான் வேல வெளங்கும்" என்றாய். வம்பு எடுக்க வந்த இடத்திலும் அந்தச் சென்டிமென்டை உன்னால் விட முடியவில்லை. பஸ்ஸில் அந்தக் குடத்தைப் பார்த்ததுமே உன் வேலை என்று புரிந்துவிட்டது. அதை எழுதினேன், நீயாகச் சொல்வாய் என்று. நீ வெயிலைப் பற்றி எழுதினாய்.

உன்னை மட்டும் சொல்லவில்லை. நான் எறிந்தேன் என்பது எனக்கு அன்றைக்கே தெரியும். அவள் விழுந்ததைப் பார்த்த பிறகு கை என் பேச்சைக் கேட்கவில்லை. அய்யனார் முன்னால் சூடத்தில் கை வைக்க முடியாமல் தீட்டு என்று பொய் சொன்னேன். மகள் வைத்தாள், நான் வெளியே நின்று பார்த்தேன். நீ எப்படியாவது வேறு வழி கொண்டுவருவாய், நான் சொல்ல வேண்டியிருக்காது என்று மூன்று மாதம் காத்திருந்தேன். இந்த அசிங்கத்தில் உனக்குப் பாதி, எனக்குப் பாதி.

நேற்று முதலில் இளவரசன் வீட்டுக்குப் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன், உன் பெயர் உட்பட. வீரம்மாள்தான், "மூணு மாசமா நாங்க தெருவுல நடந்ததை நீ தெனம் பாத்துட்டுத்தானே இருந்த?" என்றாள். ஆமாம் என்றேன்.

பிறகு பந்தலில் சொன்னேன். "இத்தனை நாளு ஒருத்தரும் எறியலன்னு சொன்னோமே, இனிமே டிவிக்காரன் சும்மா வுடுவானா?" என்று கத்தினார்கள். நியாயம்தான். நாளையிலிருந்து பந்தலுக்கு வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். பூங்குழலி மட்டும் என் கையைப் பிடித்துக்கொண்டு வீடு வரைக்கும் வந்தாள். வாசலில் நின்று, "ஏம்மா, என்னை இடிச்சதுக்கா எறிஞ்ச?" என்று கேட்டாள். அப்போதுதான் அழுதாள்.

இப்போது நீ செய்ய வேண்டியது. பிள்ளையார் படத்துக்குப் பின்னால் இருக்கும் கார்டை எடுத்துக்கொண்டு வா. எனக்கு எப்படித் தெரியும் என்று வீட்டில் யாரிடமும் கேட்காதே. ஜூன் இரண்டாம் தேதி காலை பத்து மணிக்கு வக்கீலம்மாவோடு நான் ஸ்டேஷனுக்குப் போகிறேன். கல் எறிந்தது நான் என்று எழுதிக் கொடுக்கப் போகிறேன். லாரி என் மகளை முட்டியதையும் எழுதுவேன். அன்று நீ கேமராவோடு வந்து நில். எல்லோரும் பார்க்கிற இடத்தில் நில், தொட்டிக்குப் பின்னால் வேண்டாம். நான் வீட்டு வாசலில் இறங்குவதிலிருந்து ஸ்டேஷனுக்குள் நுழைவது வரை எடு. அதையும் கார்டில் இருப்பதையும் சேர்த்து உன் சேனலுக்குக் கொடு. அவர்கள் போடாவிட்டால் வேறு எங்கேயாவது போடு.

இளவரசனும் வருகிறான். அவனும் தன் போனில் எடுப்பான். அவன் எடுத்தால் குலுங்கும், உன்னுடையதுதான் தெளிவாக இருக்கும். ஆனாலும் அவனையும் எடுக்கச் சொல்லியிருக்கிறேன். உன் மேல் எனக்குச் சந்தேகம் போகவில்லை தம்பி. போவதற்குக் கொஞ்ச நாள் ஆகும்.

வாசலில் நிறைகுடம் வைக்கிறேன். அதிலிருந்தே ஆரம்பி. ஆனால் வெட்டாதே.

அக்கா
மலர்கொடி